பெருவிரல் மறைத்த பொட்டு

திரையில் தங்கம் மட்டும் தெரிந்தது. பொட்டைக் காணோம்.

ஜெயசுதா கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தலைமுடியைவிட மெல்லிய தங்கத் தகடு அது. அதன் முதுகில், நட்டநடுவில், பிளாஸ்டிக்கில் ஒரு பொட்டு இருக்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு அது தூசி. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பொட்டு. வாரக்கணக்கில் கழுத்து ஒடியக் குனிந்து, மூச்சை அடக்கி, தகட்டுக்கு ஒன்றாக அவள் வைத்தது. இப்போது தகடு, விசேஷத்துக்குத் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மினுமினுத்தது.

துளைக்கொரு தகடாகத் தாங்கியிருக்கும் சக்கரத்தை ஒரு துளை நகர்த்தினாள். அடுத்த தகட்டிலும் பொட்டு இல்லை. அதற்கடுத்தது லேசாகக் கிழிந்தே இருந்தது.

வெளியே தவில்காரர் வாரை இறுக்கி ஒரு தட்டு தட்டினார். அவளுக்கு நெஞ்சிலேயே தட்டியது போல இருந்தது.

இன்றைக்குப் பார்த்து இப்படி. மலைமுடி உயராய்வு மையத்தின் லேசர் கொல்லிமலையிலேயே இருக்கப்போகிறதா, பெட்டி கட்டி லாரியில் ஏறி நகரத்துக்குப் போகப்போகிறதா என்று முடிவு செய்யப் பேராசிரியர் ராசப்பன் வந்துகொண்டிருந்தார். வல்லுநர் குழுவின் தலைவர். அறிக்கைகளை நம்பாதவர் என்று பெயரெடுத்தவர். என் கண் முன்னால் சுடுங்கள், கதிர் ஒழுங்காக வந்தால் இயந்திரம் உங்களுக்கு, வராவிட்டால் லாரிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். இயந்திரம் போனால் ஜெயசுதாவின் வேலையும் போகும் என்பது ஒருபுறம். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் பிடித்துக்கொண்டு தினமும் மேலே வந்து, மூடுபனியின் ஈரத்தோடும் நினைத்தபோது போகும் கரண்டோடும் மல்லுக்கட்டி அவள் பழக்கியெடுத்த இயந்திரம் அது. அது வேறொருவர் கைக்குப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். லேசரின் ஒளியை எண்ணவே முடியாத அளவு குறுகிய நேரத்துக்குள் திணித்து அந்தத் தகட்டின் முகத்தில் அறைய வேண்டும். அறை வாங்கிய தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் முதுகு வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடும். ஓடும்போது முதுகில் ஒட்டியிருக்கும் புரோட்டான்களையும் இழுத்துக்கொண்டு போகும். முதுகு முழுக்கப் பிசுக்கு படிந்திருந்தால் அவை எங்கெங்கிருந்தோ கிளம்பி, கோயில் நோன்பி முடிந்து கலையும் கூட்டம் மாதிரி ஒன்று ஓடி, ஒன்று நடந்து, ஆளுக்கொரு வேகத்தில் வரும். நடுவில் ஒரு பொட்டு மட்டும் தடிமனாக இருந்தால் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்திலிருந்து ஒரே வேகத்தில் கிளம்பும். எவ்வளவு வேகமோ அவ்வளவு ஆழத்தில்தான் புரோட்டான் உடம்புக்குள் போய் நிற்கும். புற்றுக்கட்டியைச் சுட நினைக்கிறவர்களுக்கு அந்த ஒரே வேகம் வேண்டும். இல்லாவிட்டால் கட்டியை விட்டுவிட்டுக் கட்டி வந்த ஆளைச் சுட்டதாகிவிடும்.

இதையே இயக்குநர் மாதேஸ்வரன் மேடையில் வேறு மாதிரிச் சொல்வார். புரோட்டானைச் சித்தர்கள் இந்த மலையில் எப்போதோ பார்த்துவிட்டார்கள் என்றும், நாம் கருவி வைத்துச் சரிபார்க்கிறோம், அவ்வளவே என்றும் சொல்வார். அவர் பெயருக்கு முன்னால் முனைவர் என்று உண்டு. எதில் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை அழைக்கப்பட்டதில்லை.

"இளங்கோ," என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "காத்தால சக்கரத்தை உள்ள மாட்டுனது நீங்கதானே? வேற யாராச்சும் தொட்டாங்களா?"

கொல்லிமலையிலேயே குண்டூர் நாட்டுக்காரன் இளங்கோ. இரும்புக் கலத்துக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பது அவன் வேலை. விடியற்காலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். கலத்தைத் திறந்தால் மறுபடி உறிஞ்சிச் சாயங்காலமாகிவிடும். திறந்துதான் என்ன பயன்? பொட்டு வைத்த தகடு வேறு கிடையாது.

"காத்தால யாருந் தொடலீங்க மேடம். நேத்து சாயங்காலந்தான் நம்ம டைரக்டர் சாரு போட்டோக்கார செல்வத்தைக் கூட்டிட்டு வந்தாருங்க. போட்டோ புடிக்கோணும்னாரு. நான் டேங்க்குல தண்ணி பாக்கப் போயிட்டனுங்க."

"என்னத்தை வெச்சுப் போட்டோ?"

இளங்கோ ஜன்னல் வழியாக வாசல் கேட்டுப் பக்கம் கையை மட்டும் காட்டினான்.

அவள் ஓடினாள். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது பனிமூட்டத்தில் அந்த பேனரை ஏதோ பெரிய வெள்ளையாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது பனி விலகியிருந்தது. கல்யாண போட்டோகிராபர் செல்வம் இரவோடு இரவாக அச்சடித்து வந்து கட்டிய பேனர். சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, சுவர் உயரத்துக்கு, வெள்ளைக் கோட்டு போட்ட மாதேஸ்வரன். ஒரு கையில் சக்கரம். மறு கையில் பஞ்சுக் குச்சி. பக்கத்தில் ஆய்வகத்து பாட்டில் ஒன்று மூடி திறந்து கிடந்தது. "கருவியையும் தன் கரத்தால் தூய்மை செய்யும் எளிமையின் சிகரமே!" என்று எழுதியிருந்தது. வரவேற்கப்பட வேண்டிய ராசப்பன் கீழே ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தார்.

ஒவ்வொரு துளையாகக் குச்சியை விட்டுத் துடைத்திருக்கிறார். பாட்டிலில் இருந்தது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். பொட்டுகள் கரைந்து முதுகு முழுக்க இழுகியிருக்கும்.

பேனரை விட்டுத் திரும்பப் போனாள். அப்போதுதான் அந்தப் பெருவிரல் கண்ணில் பட்டது. பேனரில் அது பூசணிக்காய் அளவு இருந்தது. சக்கரத்தின் விளிம்பைப் பிடித்திருந்த அந்த விரல் ஒரு துளையை முழுசாக மூடியிருந்தது. துளை ஆழமானது; விரல் உள்ளே இருக்கும் தகட்டைத் தொட்டிருக்காது. குச்சியும் அதற்குள் போயிருக்காது, நடுவில் பிடியை மாற்றிப் பிடிக்காதிருந்தால்.

சக்கரத்தின் விளிம்பில் இருந்த அடையாள வெட்டிலிருந்து அது எத்தனையாவது துளை என்று பேனரில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். திரும்ப ஓடினாள்.

மோட்டார் நிதானமாகச் சுழன்று அந்தத் துளைக்கு வந்து நின்றது. திரையில் மங்கலாகத் தங்கம். குவியத்தைத் திருப்பினாள். இன்னும் மங்கல். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நட்டநடுவில், கறுப்பாக, உருண்டையாகப் பொட்டு இருந்தது.

"ஒண்ணு இருக்குதுங்க," என்றான் இளங்கோ, அவள் தோளுக்குப் பின்னால்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

அந்த நேரம் மாதேஸ்வரன் உள்ளே வந்தார். சந்தன வாசனை அவருக்கு முன்னால் வந்தது. செல்வம் கேமராவோடு பின்னால் வந்தான். ஜெயசுதா எழுந்து நின்றாள். சக்கரத்தைத் துடைத்தீர்களா என்று கேட்டாள். தன் எளிமையை ஒருத்தியாவது கவனித்தாளே என்று அவர் முகம் மலர்ந்தது.

"துளைக்குத் துளை ஒரே தூசிம்மா. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அது தூசி இல்லீங்க சார். அதுதானுங்க புரோட்டானே."

விளக்கினாள். கேட்கக் கேட்க மலர்ச்சி வடிந்தது. ஆனால் இயக்குநர்கள் வருத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. இதையெல்லாம் முன்பே எழுத்துமூலமாகத் தன் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, போன மாதம் நன்றாக வந்த படம் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்குமே, பேராசிரியர் பட்டனை அமுக்கும்போது அதைப் போட்டுவிட்டால் என்ன என்றார்.

அதற்கு அவசியமில்லை, ஒரு தகடு தப்பியிருக்கிறது என்று சொன்னாள். எப்படித் தப்பியது என்று அவர் கேட்கவில்லை. தன் கைராசி என்று எடுத்துக்கொண்டார்.

பட்டன் என்பது ஒரு தனிக் கதை. லேசரைச் சுட மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் போதும். மவுஸைத் தட்டுவது படத்தில் எடுபடாது என்று இயக்குநர், கோயில் விளக்கு உயரத்துக்குப் பித்தளைத் தண்டு ஒன்று வார்த்து, உச்சியில் இட்லி அளவுக்குச் சிவப்பு பட்டன் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். வயரைக் கடைசியில் இணைத்துக்கொள்ளலாம் என்று ஜெயசுதா மன்றாடியும் கேட்கவில்லை. பெரிய மனுஷர் அமுக்கும்போது வேலை செய்யாமல் போனால் யார் பதில் சொல்வது?

கேட்டிலிருந்து காவலாளி போன் செய்தான். கார் கடைசி வளைவு தாண்டிவிட்டதாம். ஜெயசுதா இளங்கோவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் மின்தேக்கிகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிட்டான். பக்கத்து அறையில் ஒரு முனகல் கிளம்பி, மெல்ல மெல்ல மேலேறிச் சீழ்க்கையாயிற்று. கதவுகள் பூட்டிக்கொண்டன. சிவப்பு விளக்கு சுழன்றது. திரையில் பொட்டு அசையாமல் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் செல்வம், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும், சார் ஒரு நிமிஷம் பட்டன் மேல் கை வைத்து நிற்க முடியுமா என்று கேட்டது காதில் விழுந்தது. விழுந்தது மனசுக்கு எட்டுவதற்குள், "இன்னும் கொஞ்சம் அழுத்தமா சார், சிரிச்ச மாதிரி," என்றும் விழுந்தது.

"சார், வேண்டா..."

டம் என்று ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது. சீழ்க்கை நின்றுவிட்டது.

மல்லிகைச் சரம் ஆடிக்கொண்டிருந்தது. மாதேஸ்வரனின் விரல் இன்னும் பட்டன் மேல் இருந்தது, முகத்தில் செல்வம் கேட்ட சிரிப்பும் இருந்தது.

"சும்மா வெச்சுப் பார்த்தேன்," என்றார்.

திரையில் தங்கத் தகடு இருந்த இடத்தில் ஓட்டை. பக்கத்துத் திரையில் படத்தைத் திறந்தாள்; புரோட்டான்களை வேகவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் மெல்ல எழுந்தது. இடப்பக்கம் தரை மட்டம். வலப்பக்கம் தரை மட்டம். நடுவில், மிளகுக்கொடி ஏறாத சில்வர் ஓக் மரம் மாதிரி ஒற்றையாய், நெட்டுக்குத்தாய் ஒரு கோடு. மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு மெல்லிய கோட்டைப் பார்த்ததில்லை. யாருக்காக இத்தனை பாடோ, அவர் இன்னும் காரில் இருந்தார்.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். நல்லதாகப் போயிற்று என்றார். அடுத்த தடவை எந்தத் தகட்டையாவது வைத்துச் சுடட்டும். சத்தம் வரும், விளக்கு சுழலும். திரையில் இந்தப் படத்தைத் திறந்தால் தீர்ந்தது. பொய்யா இது? இதே இயந்திரம், இதே நாள், அவள் வைத்த அதே பொட்டு. ஒரு அரை மணி நேரம் முன்னே பின்னே. அரை மணி நேரத்துக்காக ஒரு மலையே லேசரை இழக்க வேண்டுமா?

"நம்ம கதிருதானுங்களே மேடம்," என்றான் இளங்கோவும், தரையைப் பார்த்துக்கொண்டே.

அதுதான் அவளை அறுத்தது. போன மாதப் படம் என்றபோது மறுப்பது சுலபமாக இருந்தது. இது அவளுடைய கதிர். உண்மையான கதிர். கண் முன்னால் என்று ஒரு மனிதர் வைத்த நிபந்தனை ஒன்றுதான் குறுக்கே நின்றது. அவள் பதில் சொல்லாமல் சக்கரத்தை அடுத்த துளைக்கு நகர்த்தினாள். அந்தப் படத்தையும் அழிக்கவில்லை.

கார் வந்துசேரத் தாமதமானது. மரவள்ளி லோடு ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம். அதற்குள் லேசர் ஆறிவிட்டது. இளங்கோ மின்தேக்கிகளை மறுபடியும் ஏற்றினான்.

ராசப்பன் சேந்தமங்கலத்துக்காரர். ஆனால் நாற்பது வருஷம் வடக்கே இருந்ததில் மலைச் சாலைக்கு உடம்பு விட்டுப்போயிருந்தது. தவில் முழங்க, பூரண கும்பம் நீள, கார்க் கதவு திறந்தது. அவர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே போய் பேனரின் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். கம்பைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார். பிறகு ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குமா என்று கேட்டார். மாலையை வாங்கவில்லை. தவிலை நிறுத்தச் சொன்னார்.

பட்டனை அமுக்கச் சொன்னபோது பித்தளைத் தண்டை மேலும் கீழும் பார்த்தார். எலுமிச்சையை முகர்ந்துகொண்டே, யாராவது பழக்கப்பட்டவர்கள் அமுக்குங்கள் என்றார். மாதேஸ்வரன் ஒரு அடி பின்னால் போனார். ஜெயசுதா மவுஸைத் தட்டினாள்.

டம்.

திரையில் இரண்டு படங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒன்று மரம். மற்றதை அவள் பார்க்காமலே என்னவென்று அறிவாள். மவுஸின் அம்பு மரத்தின் மேல்தான் நின்றிருந்தது. இயக்குநர் பின்னாலிருந்து, இப்போது நாம் காணப்போவது என்று ஆரம்பித்துவிட்டார். சித்தர்கள் வரும் இடம் நெருங்கியது. அவள் அம்பை ஒரு வரி கீழே இறக்கித் திறந்தாள்.

மரம் இல்லை. புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் சரிவு மாதிரி, இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் வழிந்தோடியது வரைபடம். எல்லா வேகமும் இருந்தது. வேண்டிய வேகம் மட்டும் தனியாக இல்லை.

ராசப்பன் அதை நெடுநேரம் பார்த்தார். மாதேஸ்வரன் மின்வாரியத்தைக் குறை சொல்லத் தொடங்கினார். ராசப்பன் கையை உயர்த்தினார்.

"இதுக்குத்தானா அம்மிணி இந்த மலையேறி வந்தேன்?"

ஜெயசுதா மற்ற படத்தையும் திறந்தாள். நீங்கள் வருவதற்கு முன்னால் எடுத்தது இது என்றாள். இதில் பொட்டு இருந்தது. உங்கள் முன்னால் சுட்டதில் பொட்டைத் துடைத்திருந்தார்கள். மற்ற தகடுகள் எல்லாவற்றிலும் துடைத்துவிட்டார்கள்.

"நான் வர்றதுக்கு முன்னாடி நல்லா வந்துச்சு, நான் வந்தப்புறம் வரலை. இந்தக் கதையை நான் போன லேபெல்லாம் சொல்லுது." அவர் சிரிக்கவில்லை. "சரி. தொடைச்சது ஆரு?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"யாரும் தொடலீங்க ஐயா," என்றார் மாதேஸ்வரன். "எல்லாம் கண்ணாடிப் பெட்டியில பூட்டு போட்டு இருந்துச்சு. பாப்பா பாவம், பதட்டத்துல ஏதோ சொல்லுது."

இளங்கோ பம்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். செல்வம் கேமராவின் பட்டையைச் சரிசெய்தான். இப்போது அவள் பொய்க்காரி. அந்த நல்ல கதிரும் பொய். ராசப்பன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடைசியில் லாரிதான் என்று நினைத்தாள்.

"ஏனுங்க," என்றார் ராசப்பன் வாசலில் நின்று. "கேட்டுப் பக்கத்துல ஒரு படம் கட்டியிருக்குதே. வாங்க, போய்ப் பார்ப்போம்."

அவர் முன்னே நடக்க, எல்லோரும் பின்னே போனார்கள். பேராசிரியர் வெளியே வந்ததும் விழா முடிந்தது என்று நினைத்துத் தவில்காரர் வெளுத்து வாங்கினார். யாரோ நாலு பேர் கைதட்டினார்கள். ராசப்பன் பேனருக்கு அடியில் போய் நின்றார்.

"இதைப் புடிச்சுட்டுத்தான் அப்பவே நின்னேன். கண்ணு முன்னால இதுதான். இது சக்கரம். இது குச்சி. 'தன் கரத்தால் தூய்மை'னு எழுதியும் இருக்குது. எந்தத் துளையிலம்மிணி பொட்டு தப்பிச்சுது?"

ஜெயசுதா எட்டி அந்தப் பெருவிரலின் மேல் கையை வைத்தாள். ராசப்பன் வெட்டிலிருந்து துளைகளை எண்ணினார். முதல் சுடுதலுக்குச் சக்கரம் எந்தத் துளையில் நின்றதென்று இளங்கோவிடம் கேட்டார். இரண்டும் ஒத்துப்போயின.

"இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாதேஸ்வரன். தொடவே இல்லைன்னா, ரெண்டு சுடுதலும் எதனால மாறுச்சுன்னு தெரியாது. நான் லாரிக்குச் சொல்லிருவேன். தொடைச்சதுன்னா, பொட்டு இருந்தா மரமாட்டம் ஒத்தைக் கோடு, இல்லைன்னா சரிவு. இதைவிடச் சுத்தமா ஒரு ஒப்பீடு நானே பண்ணியிருக்க முடியாது. மிஷின் இங்கயே கிடக்கும்."

மாதேஸ்வரன் பேனரில் இருந்த மாதேஸ்வரனைப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் முகத்திலும் அந்தச் சிரிப்பு மெல்ல ஊறி வந்தது.

"துடைச்சது நான்தானுங்க," என்றார். "ஒப்பீட்டுக்காகவேதான் துடைச்சேன். ஒண்ணை மட்டும் விரலால மறைச்சுட்டேன். ஐயா கண்டுபிடிக்கறாரான்னு பார்க்கத்தான் முதல்ல சொல்லலை."

ராசப்பன் ஜெயசுதா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மிணி?"

"தொடைச்சது அவருதானுங்க. எதுக்குத் தொடைச்சாருன்னு அவரைத்தான் கேக்கோணும்ங்க."

கிழவரின் உதடு ஒரு ஓரமாகக் கோணியது. அவர் அதைக் கேட்கவில்லை. துடைத்த தகடுகளில் இன்னும் இரண்டைத் தன் கண் முன்னால் சுடச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இடையில் லேசர் ஆறும்வரை மிளகு ரசம் குடித்தபடி காத்திருந்தார். இரண்டிலும் சரிவுதான் வந்தது. பிற்பகல் வெயில் சாய, லேசர் மலையிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டு, இறங்கும் வளைவுகளை நினைத்துச் சாப்பிடாமலே காரில் ஏறினார்.

மறுநாள் செய்தித்தாளில், பொட்டு அழிப்பு முறை என்ற புதிய ஆய்வு உத்தியைக் கொல்லிமலை இயக்குநர் கையாண்டதாகச் செய்தி வந்தது. கேட்டில் புதுப் பேனர் ஏறியது. பழையதை இளங்கோ குண்டூர் நாட்டுக்குக் கொண்டுபோய் மிளகு காயப்போட விரித்தான்.

ஜெயசுதா மறுபடியும் குனிந்து உட்கார்ந்தாள். புதுத் தகடுகளுக்குப் பொட்டு வைத்து முடிக்க வாரக்கணக்காகும். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாள். பட்டறையில் சொல்லி, அசல் சக்கரம் மாதிரியே இன்னொன்று கடைந்து வாங்கி, நன்றாக மெருகேற்றி, தகடு எதுவும் வைக்காமல் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு கட்டுப் பஞ்சுக் குச்சியும், பாட்டிலில் வெறும் தண்ணீரும் வைத்தாள்.

அடுத்த வாரம் சாயங்காலம் மாதேஸ்வரன் செல்வத்தோடு வந்தார். யாரோ பார்வையாளர்கள் வருகிறார்களாம்.

"சாருக்குன்னு தனியா வெச்சிருக்கறனுங்க," என்று பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அவர் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு துளையாக, அக்கறையாகத் துடைத்தார்.